காதுக்காரர் வீட்டுக் கசிவு

"அசையாதே கண்ணு. ஒரே ஒரு நிமிஷம்."

"கம்பி சில்லுன்னு இருக்குப்பா."

"பேசாதே. மூச்சை உள்ள இழு. ம்ம். இப்ப விடு. மெதுவா."

பத்து வயது மகள் முக்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகில் ஒரு நீள இரும்புக் கம்பியின் நுனி. மறுநுனியில் இருந்த மரக்குமிழில் அப்பாவின் வலது காது. கண்ணை இறுக மூடியிருந்தார்.

"என்னப்பா கேக்குது?"

"விசில். நல்லாவே கேக்குது. வலது பக்கம், தோள்பட்டைக்குக் கீழ நாலு விரல்."

"ரோட்டுல கேக்குமே, அந்த மாதிரியா?"

"அதை விட சன்னமா இருக்கு. பிளாஸ்டிக் பைப்புல ஊசி ஓட்டை விழுந்தா இப்படித்தான் கேக்கும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ரோட்டுல வெக்கிற கம்பியையா கொண்டுவந்து புள்ள முதுகுல வெச்சிருக்கீங்க?"

"நல்லாக் கழுவிட்டுத்தான் வெச்சேன்."

"எதால கழுவினீங்க?"

"பாத்திரம் தேய்க்கிற சோப்பாலதான்."

மனைவி உள்ளே போய் அந்தச் சோப்பை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார்.

அப்பாவைச் சொல்லியும் குற்றமில்லை. தண்ணீர் ஆபீசில் கசிவு கண்டுபிடிப்பது அவர் வேலை. தெருவுக்கு அடியில் ஓடுகிற குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று மேலே நின்றபடி சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்தக் கம்பி. தூங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் குனிந்து நிற்பார். பிறகு சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போடுவார். தோண்டினால் ஓட்டை அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். இருபது வருஷமாக ஒரு வட்டம்கூடத் தப்பியதில்லை. ஆபீசில் அவர் சொந்தப் பேரே எல்லாருக்கும் மறந்து போய், 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட மனுஷன் காதில் சொந்த மகள் நெஞ்சில் விசில் விழுந்தால் சும்மா இருப்பாரா, சொல்லுங்கள்.

மகள் ஓட்டக்காரி. பள்ளிக்கூடத் தொடர் ஓட்டக் குழுவில் நாலு பேரில் அவள் மூன்றாவது. அந்த மூன்றாவது இடத்துக்காக எட்டு மாதம் உயிரைக் கொடுத்து ஓடியிருந்தாள். திடீரென்று ஓடி முடித்ததும் இருமல், பிறகு ஓடும்போதே இருமல், பிறகு மாடிப்படி ஏறினாலே இருமல் என்று ஆகிவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஆஸ்துமா என்றார்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. ஒரு காகிதத்தில் நுரையீரலைப் படமாகப் போட்டு, ஒரு பெரிய குழாய், அது இரண்டாகி, நாலாகி, நூறாகி, ஆயிரமாகி, மயிரிழை மாதிரி ஆகிறவரைக்கும் வரைந்து காட்டினார். காதுக்காரர் வாயைப் பிளந்துவிட்டார்.

"இவ்வளவு பைப்பா டாக்டர்? இவ நெஞ்சுக்குள்ளயா? ஒரு டவுனுக்கே லைன் போட்ட மாதிரி இருக்கே!"

"ஆமா. அந்தச் சின்னக் குழாயோட உள்பக்கம் வீங்கியிருக்கு. வழி குறுகிப் போச்சு. அதான் விசில்."

மருந்து இரண்டு. நீல டப்பா, திடீரென்று மூச்சு முட்டினால் அப்போதைக்கு இழுக்க. ஆரஞ்சு டப்பா, வீக்கம் வற்றுவதற்கு. காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு, மூச்சு நன்றாக இருந்தாலும் விடக் கூடாது. மெதுவாகத்தான் வேலை செய்யும், இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார் டாக்டரம்மா. எப்படி இழுப்பது என்று நர்ஸ், மாடி ஏறி வந்த மூச்சு வாங்கலோடே, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அதோடு ஊதிப் பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்றும் கிடைத்தது. அதில் ஊதினால் முள் நகர்ந்து எண் காட்டும். மகள் ஊதினாள். இருநூற்றுப் பத்து.

"இவ உயரத்துக்கு இருநூத்து எண்பது வரணும்," என்றார் டாக்டரம்மா. "போட்டி எப்போ?"

"எட்டு வாரம் இருக்கு டாக்டர்," என்றாள் மகள், முந்திக்கொண்டு. "ஆனா நான் ஓடலாம்னு நீங்க எழுதிக் குடுக்கற லெட்டரை மூணு வாரத்துக்குள்ள கேக்கறார், பி.டி. மாஸ்டர். இல்லாட்டி வேற ஆள் போட்டுடுவாராம்."

"சரி, மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை வா. இருநூத்து அறுபது தொட்டுட்டேன்னா எழுதித் தர்றேன்."

அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொரு வார்த்தை சொன்னார். "எது பட்டா அதிகமாகுதுன்னு கவனிங்க. சிலருக்குத் தூசி, சிலருக்குப் பூனை, சிலருக்கு ஈரச் சுவர், சிலருக்குப் பெயின்ட் வாசனை. ஒவ்வொரு குழந்தைக்கு ஒவ்வொண்ணு."

கசிவு கண்டுபிடிக்கிற ஆளைப் பார்த்து 'கவனிங்க' என்று சொல்லலாமா?

அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டார். "நாங்க ஏரியாவுல எப்படிப் பிடிப்போம் தெரியுமா?" என்று மனைவிக்கும் மகளுக்கும் வகுப்பு எடுத்தார். "ஒரு வால்வை மூடுவோம். மீட்டரைப் பாப்போம். ஓடிக்கிட்டே இருந்தா ஓட்டை அங்க இல்லை. அடுத்த வால்வை மூடுவோம். எதை மூடினா மீட்டர் நிக்குதோ, அங்கதான் திருடன். மருந்து அதுபாட்டுக்கு வேலை செய்யட்டும். நாம இந்த வீட்டுல ஒவ்வொரு வால்வா மூடுவோம்."

"நம்ம வீட்டுல ஒரே ஒரு வால்வுதானேங்க இருக்கு, பாத்ரூம்ல?" என்றார் மனைவி.

"உதாரணத்துக்குச் சொன்னேன்மா!"

முதல் வால்வு பூனை.

பூனையின் பேர் ஆபீசர். காலையிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டு இருப்பதால் வந்த பேர். அதை ஒரு கூடையில் வைத்து, மூன்று தெரு தள்ளி இருந்த மைத்துனர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மகள் வாசலிலேயே நின்று அழுதாள். அழுகை அதிகமாகி விசும்பலாயிற்று, விசும்பல் இருமலாயிற்று, இருமல் விசிலாயிற்று. சாயங்காலம் ஊதினால் நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"பூனை போனா ஏறணும்ல? எப்படி இறங்குச்சு?" என்று காதுக்காரர் நோட்டையும் மீட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்குக் கவலையை விட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. அதுதான் அவர் குணம், என்ன செய்வது.

மைத்துனர் போன் செய்தார். "அக்கா, உங்க ஆபீசர் எங்க பீரோ மேல ஏறி உக்காந்து பத்து மணி நேரமாச்சு. கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க."

"மூடின வால்வைப் பாதியில திறக்கக் கூடாது," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் காதுக்காரர்.

அடுத்து தூசி. கம்பளம் போயிற்று, திரைச்சீலை போயிற்று, மெத்தை நாற்காலி போயிற்று. கடைசியில் அவர் பார்வை கூடத்துச் சுவரில் வந்து நின்றது. மனைவி நூலகத்தில் வேலை பார்க்கிறவர். வீட்டிலும் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம்.

"வேணாம்," என்றார் மனைவி.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே."

"நீங்க பார்க்கற பார்வை எனக்குத் தெரியாதா?"

"பத்தே நாள். பால்கனியில பிளாஸ்டிக் தாள் போட்டுப் பத்திரமா மூடி வெக்கிறேன். ஒரு பக்கம் மடங்காது. நம்ம பொண்ணுக்காகம்மா."

பொண்ணுக்காக என்று சொன்னால் எந்தத் தாய்தான் பேசுவாள். அறுநூறு புத்தகத்தையும் இரண்டு பேருமாகச் சுமந்து பால்கனியில் அடுக்கினார்கள். மறுநாள் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பிளாஸ்டிக் தாள் பறந்து எதிர் வீட்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டது.

நனைந்த அறுநூறையும் திரும்ப உள்ளே கொண்டுவந்தார்கள். தரையில், கட்டிலில், சாப்பாட்டு மேசையில், துவைக்கிற இயந்திரத்தின் மேலே, எங்கே பார்த்தாலும் விரித்து வைத்த புத்தகம். மின்விசிறி சுற்றச் சுற்ற ஈரக் காகித வாசனை வீட்டை ஒரு தூக்குத் தூக்கியது. மகள் ஒற்றைக் காலில் தாண்டித் தாண்டிப் போய் மீட்டரை எடுத்து ஊதினாள். நூற்று எண்பது.

மனைவி ஈரமான அகராதி ஒன்றை மடியில் வைத்து முடி உலர்த்துகிற கருவியால் காய வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "இப்ப எந்த வால்வு?"

"ஈரம்," என்றார் காதுக்காரர் மெல்ல. "பாத்ரூம் சுவர்ல ஒரு கறுப்புத் திட்டு இருக்கே, பாத்திருக்கியா?"

"ரெண்டு வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன். ஊருக்கெல்லாம் கசிவு பாக்கறீங்க, நம்ம வீட்டுச் சுவரைப் பாருங்கன்னு."

காதுக்காரர் கம்பியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். மகளும் பின்னாலேயே போனாள். சுவரில் கம்பியை வைத்துக் காதைக் கொடுத்தவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"வா, வா, நீயும் கேளு!"

மகள் காதை வைத்தாள். "அப்பா! புஸ்ஸுன்னு கேக்குது!"

"மாட்டிக்கிட்டான் பாரு! இதுதான், இதேதான்! சுவருக்குள்ள ஈரம், ஈரத்துல பூஞ்சை, பூஞ்சையாலதான் உனக்கு விசில்!"

அப்பாவும் மகளும் குளியலறையிலேயே ஒரு ஆட்டம் போட்டார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்த மனைவிக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது. காதுக்காரர் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். உளியை வைத்தார். மகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுச் சுத்தியலை ஓங்கினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேலை வட்டம் போடுவதோடு சரி. தோண்டுகிறவர்கள் வேறு ஆட்கள். இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் உளியைக் கையால் தொட்டதில்லை.

நாலாவது அடியில் குழாய் உடைந்தது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கூரை வரைக்கும் போயிற்று. வால்வை மூடப் போனால், ஒரு சொட்டு எண்ணெய் கண்டிராத அந்தத் துருப்பிடித்த வால்வு கையோடு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. ஆபீசில் புகார் எடுக்கிற பெண்.

"சார், அவசரக் கசிவு ஒண்ணு. உடனே போக முடியுமா?"

"எங்க?" என்று முகத்திலிருந்து தண்ணீரை வழித்துக்கொண்டே கேட்டார்.

அந்தப் பெண் முகவரியைச் சொன்னார். காதுக்காரர் உடைந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். அது அவர் வீட்டு முகவரி.

"ரொம்பப் பெரிய கசிவாம்மா?"

"கீழ் வீட்டுக்காரர்தான் கூப்பிட்டார் சார். மேல் வீட்டுல யாரோ ஒரு பைத்தியம் சுவரை உடைச்சுடுச்சாம். கூரையெல்லாம் ஒழுகுதாம்."

"ஆள் ஸ்பாட்டுலதான் இருக்கார்னு சொல்லிடும்மா," என்று போனை வைத்தார்.

குழாயை மாற்றி, சுவரைப் பூசி, பெயின்ட் அடிக்க ஐந்து நாளாயிற்று. சிமென்ட் தூசி ஒரு பக்கம், பெயின்ட் நெடி ஒரு பக்கம். அந்த ஐந்து நாளும் மகளை மைத்துனர் வீட்டில் தங்க வைத்தார்கள். அங்கே ஆபீசர் அவளைப் பார்த்ததும்தான் பீரோவிலிருந்து இறங்கியது, இறங்கியது அவள் மடியை விட்டு நகரவே இல்லை. மூடின வால்வு தானாகத் திறந்துகொண்டது. மகள் வீடு திரும்பிய அன்று நூற்று எழுபது.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் பாதி ஏறியதும் அவள் உட்கார்ந்துவிட்டாள். பேச வரவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. காதுக்காரர் பையைக் கவிழ்த்து நீல டப்பாவை எடுத்தார். அந்த அவசரத்திலும் நர்ஸ் சொன்ன முறை ஒன்றுகூடப் பிசகவில்லை. ஐந்து நிமிஷத்தில் மூச்சு இறங்கி வந்தது. மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பா, நான் ஓடவே முடியாதா?"

"யார் சொன்னது? ஓடுவே கண்ணு. அப்பா கண்டுபிடிச்சுடுவேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே நம்பிக்கை இல்லை. அதுவரைக்கும் அவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பு வேலையாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது. படியிலேயே உட்கார்ந்து நீல டப்பாவையும் ஆரஞ்சு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"நீலம் அஞ்சு நிமிஷத்துல கேக்குது," என்றார் மனைவியிடம். "ஆரஞ்சு ரெண்டு வாரமாச்சு, அசையலியே?"

"அது மெதுவாத்தான் வேலை செய்யும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

"அதை டாக்டரைத்தான் கேக்கணும். ஒரு வேளைகூட விட்டுடலியே?"

"நானா? விடுவேனா?"

உண்மைதான். மருந்து விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது. காலை ஏழு மணிக்கு இரண்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு. டப்பாவை நன்றாகக் குலுக்கி, நீளக் குழலில் செருகி, மகள் மூச்சை முழுக்க விட்டதும் ஒரே அமுக்கு. அவள் மெதுவாக இழுத்து, பத்து எண்ணுகிறவரை அடக்கி, பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இதை அவர் ரயில் ஓட்டுகிறவர் மாதிரி சிரத்தையாகச் செய்வார். நோட்டில் ஒரு கட்டம் விடாமல் டிக் போட்டிருந்தார்.

அவருக்கு வந்த அடுத்த யோசனையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். மனைவி சிரிக்கவில்லை.

"கடைசி வால்வு ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார். "நான்தான்."

"நீங்களா?"

"தினம் குழியில இறங்கறேன். மண்ணு, துரு, சாக்கடை, எல்லாம் என் மேலதான் வீட்டுக்கு வருது. பூனையைக் குத்தம் சொன்னேன், உன் புத்தகத்தைக் குத்தம் சொன்னேன். என்னை மட்டும் சேத்துக்கவே இல்லை பாத்தியா?"

அவர் இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசின் பம்ப் அறைக்குப் போய்விட்டார். போகிற வழியில் வீட்டு வாசலை நாலு தடவை திரும்பிப் பார்த்தார். பம்ப் அறையில் ஒரு பெஞ்சு, ஒரு பல்பு, ஒரு பெரிய மோட்டார். மருந்து வேளைக்கு மட்டும் போனில் கூப்பிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரைக்கும் மகளுக்காக இங்கிருந்தே எண்ணுவார். பம்ப் ஓட்டுகிறவர் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் சண்டையா என்று கேட்கக் கூச்சப்பட்டு ஒரு தலையணையை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை மகள் போன் செய்தாள்.

"அப்பா, நூத்து எழுபதுதான். நீங்க இருந்தப்பவும் அதே, இல்லாதப்பவும் அதே."

"சரி கண்ணு."

"அப்போ ஓட்டை நீங்க இல்லைப்பா. வீட்டுக்கு வந்துடுங்க."

காதுக்காரர் மோட்டார் சத்தத்துக்கு நடுவே நன்றாக அழுதார். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எல்லா வால்வையும் மூடியாயிற்று, மீட்டர் மட்டும் ஏறவே இல்லை. இப்படி ஒரு லைனை அவர் சர்வீசில் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. டாக்டரம்மாவின் கிளினிக் மூன்றாவது மாடி. மகளுக்காக ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார்கள். பின்னாலிருந்து அந்த நர்ஸ் வந்தார். நல்ல கனத்த உடம்பு, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "வாங்க சார், வா பாப்பா," என்று சொல்லிக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே போய்விட்டார்.

"இந்த வயசுல என்னம்மா ஏறறாங்க!" என்று மனைவி வாயைப் பிளந்தார்.

டாக்டரம்மா மகளை ஊதச் சொன்னார். நூற்று எழுபது. நெஞ்சில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பூனை, கம்பளம், அறுநூறு புத்தகம், சுவர், பெயின்ட், 'நான்' என்று தலைப்புப் போட்ட ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"சார், நான் ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. ஆரஞ்சு மருந்தை ஒழுங்காக் குடுத்தீங்களா?"

"டாக்டர்!"

"இல்லை, பல வீட்டுல விட்டுடுவாங்க. நாலு நாள் குடுப்பாங்க, இருமல் குறைஞ்சதும் நிறுத்திடுவாங்க. அப்படி இருந்தா சொல்லுங்க, எனக்குச் சந்தோஷம்தான். போட்டிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. இன்னிக்கு ஆரம்பிச்சாக்கூட அதுக்குள்ள இவ தேறிடுவா. நம்பி லெட்டர் எழுதித் தர்றேன்."

மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். 'விட்டுட்டோம்னு சொல்லுங்கப்பா' என்று அவள் கண் கெஞ்சியது. ஆனால் காதுக்காரர் பொய் சொல்லப் பிறந்தவர் இல்லை.

"ஒரு வேளைகூடத் தப்பலை டாக்டர். நாள் தவறாம, நேரம் தவறாம போட்டிருக்கோம். இதோ டிக் பாருங்க."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "அதுதான் எனக்குக் கவலையே. இவ்வளவு ஒழுங்கா மருந்து போயும் இறங்குதுன்னா, இது வேற மாதிரி. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன், நிறைய டெஸ்ட் எடுக்கணும். ஓட்டம் இந்த வருஷம் வேணாம். மன்னிச்சுக்கோ பாப்பா."

மகள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த பிடியில் அம்மாவின் விரல் வெளுத்தது. டாக்டரம்மா பள்ளிக்கூடத்துக் காகிதத்தை முன்னால் இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். 'தகுதி இல்லை' என்ற கட்டத்துக்கு மேலே போய்ப் பேனா ஒரு கணம் தயங்கியது.

"எதுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, எப்படிப் போடறீங்கன்னு பாக்கறேன்," என்றார். "சிஸ்டர், நீங்களும் வந்து பாருங்க."

நர்ஸ் வந்து நின்றார். காதுக்காரர் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஆரஞ்சு டப்பாவை வெளியே எடுத்தார். குலுக்கினார். செருகினார். மகள் மூச்சை விட்டாள். அமுக்கினார். இழுத்தாள். அறையில் இருந்த மற்ற நாலு பேரும் மனசுக்குள் பத்து எண்ணினார்கள்.

"அச்சு அசலா நான் சொல்லிக்குடுத்த மாதிரியே!" என்று நர்ஸ் பூரித்துப் போனார். "டாக்டர், தினம் அஞ்சு குழந்தைங்களுக்கு நானே இழுத்துக் காட்டறேன், பயப்படாதேன்னு. ஒரு அப்பாகூட இவ்வளவு சுத்தமாப் பிடிச்சுக்கிட்டதில்லை."

அவ்வளவு துக்கத்திலும் காதுக்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"முறை மட்டுமில்லை சிஸ்டர்," என்றார். "டப்பாவே நீங்க அன்னிக்கு இழுத்துக் காட்டின அதே டப்பாதான். நீங்க புதுசு ஒண்ணைப் பிரிச்சு மேசை மேல வெச்சீங்க. நான் சத்தம் போடாம அதை உங்க டிரேயில வெச்சுட்டு, நீங்க காட்டினதை எடுத்துக்கிட்டேன். புது மீட்டரை நாங்க ஒருநாளும் நம்ப மாட்டோம் சிஸ்டர். வேலை செய்யறதைக் கண்ணால பாத்த சாமானைத்தான் கையால தொடுவோம். அது எங்க தொழில் புத்தி."

நர்ஸின் சிரிப்பு அப்படியே நின்றது. டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கினார். திருப்பி அடியில் பார்த்தார். அடையாளத்துக்கு அவரே வைத்த நகப்பூச்சுப் புள்ளி ஒன்று அங்கே சிவப்பாக இருந்தது. மெல்லப் பக்கத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"சார், இது சொல்லிக்குடுக்கறதுக்குன்னே வர்ற டப்பா, உள்ள மருந்தே கிடையாது, வெறும் காத்து, அப்போ மூணு வாரமா நான் மூச்சு வாங்காம இந்த மூணு மாடியும் ஏறினது உங்க பொண்ணு மருந்துலயா?"